மருத்துவப் பெருமாட்டி முத்துலட்சுமி

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்வியிற் சிறந்தவர்; தாயார் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். அம்மரபுப் பெண்களிற் சிலரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. பிறப்பே ஒருவர் வாழ்வை முடிவுசெய்யும் என்று உலகம் நம்பிய காலம் அது. அந்நம்பிக்கையை எதிர்த்து நின்றதே அம்மையாரின் வாழ்வாகும்.

ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் இடம் பெற்றார். பின்னர் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய முயற்சி 1947-இல் சட்டமாக நிறைவேறியது.

அவருடைய தங்கை இளமையிலேயே புற்றுநோய்க்கு இரையானார். தமக்கை மருத்துவராயிருந்தும் அவ்வுயிரைக் காத்தல் இயலவில்லை. அத்துயரம் அவர் உள்ளத்தில் உறுதியாக மாறியது. புற்றுநோயைத் தலைவிதியென்று மக்கள் கைவிட்டிருந்த அக்காலத்தில், அதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று அவர் பல்லாண்டுகள் உழைத்துப் பொருள் திரட்டினார். 1952-இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மைந்தர் மருத்துவர் கிருட்டிணமூர்த்தி அதனை நடத்தினார். மருத்துவர் சாந்தா அவருக்குத் துணைநின்றார்.

அவ்விருவரும் நோயாளரிடம் பழக்கவழக்கங்களை வினவி ஆராய்ந்தனர். வெற்றிலை பாக்கோடு புகையிலையையும் மெல்லுதல் வாய்ப்புற்றுக்குக் காரணமாதலை 1959-இல் ஆய்வுரையாக வெளியிட்டனர். புகைபிடித்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பினை இங்கிலாந்தில் டால், இல் என்னும் அறிஞர் இருவர் 1950-இலேயே காட்டியிருந்தனர்.

அங்ஙனமாயின், புகைப்போர் அனைவரும் நோயுறாமை ஏன்? புகையிலைப் புகையின் நச்சுப்பொருள்கள் உயிரணுக்களில் உள்ள மரபணுக்களைச் சிதைக்கின்றன. உடல் அந்நஞ்சினை மாற்றி வெளியேற்றவும், சிதைவைச் செப்பனிடவும் முயல்கின்றது. அவ்வாற்றலின் ஒரு பகுதி பெற்றோர் வழியே வருவது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஆதலின், ஒரே அளவு புகைத்த இருவருள் ஒருவர் நோயுற, மற்றவர் தப்புதலும் உண்டு.

கோவிற்பட்டியை அடுத்த புதூர் முதலிய கரிசற்காட்டு ஊர்களில், பருத்திக் காட்டு வேலைக்கிடையே பீடி புகைப்போரும் புகையிலை மெல்லுவோரும் உளர். தம் பாட்டனார் முதுமைவரை புகைத்தும் நலமாக வாழ்ந்தார் என்று அவருட் சிலர் ஆறுதல் கொள்வர். பாட்டனாரின் மரபுக்கூறுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பேரனுக்கு வருகின்றது. அவரைக் காத்த கூறு அப்பங்கில் உண்டோ இல்லையோ, அறிந்தவர் யார்? அறியாத ஒன்றை நம்பி உயிரைப் பணயம் வைத்தல் அறிவுடைமை ஆகாது. வலிய உடற்கூறு பெற்றவரும் புகையிலையின் தீங்கினின்று முற்றும் தப்புவதில்லை.

அம்மையார் 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள் மறைந்தார். அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் எளியோர்க்குத் தொண்டாற்றி வருகின்றது. மாணவர்களே! பிறப்பினால் வந்தவற்றை நாம் தேர்ந்தெடுத்தல் இயலாது, பழக்கத்தையோ தேர்ந்தெடுக்கலாம். புகையிலையைத் தொடாத இளமையே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.