சி. வை. தாமோதரம்பிள்ளை

சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளை (செப்டம்பர் 12, 1832 – சனவரி 1, 1901) பழந்தமிழ் நூல்களை ஓலைச்சுவடிகளிலிருந்து அச்சேற்றிய முன்னோடிப் பதிப்பாசிரியர்களுள் ஒருவர் ஆவார். இவர் ஆசிரியர், இதழாசிரியர், அரசு அலுவலர், வழக்கறிஞர், நீதிபதி எனப் பல பணிகளை ஆற்றியவர். பதிப்புப் பணிக்கென இவருக்கு நிறுவனம் எதுவும் துணை நிற்கவில்லை. நீதிமன்றப் பணிக்கு இடையில் ஏடு வைத்திருந்தோருக்கு எழுதிய கடிதங்களும், நூல்தோறும் எழுதிய விரிவான பதிப்புரைகளுமே இவருக்குக் கருவிகளாக இருந்தன.

வாழ்க்கை

யாழ்ப்பாண மாவட்டத்தின் சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலக் கல்வியை அமெரிக்க மிசன் நடத்திய தெல்லிப்பழைப் பள்ளியிலும் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் பெற்றார். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியராக இருந்தபோது, இருபது வயதை ஒட்டிய இளமையிலேயே நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தார்.

பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழின் ஆசிரியரானார். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் வட்டுக்கோட்டையில் அவருக்கு ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளை. பின்னர் கள்ளிக்கோட்டையில் ஆசிரியராகவும் சென்னையில் அரசின் கணக்குத் துறையிலும் பணியாற்றினார். அவ்வேலையில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871 இல் பி.எல். பட்டம் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தபின், 1880களின் பிற்பகுதியில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியானார். அப்போது அங்கே திவானாக இருந்தவர் அ. சேஷையா சாஸ்திரி. 1895 இல் அரசு இவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது.

கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து மிசன் பள்ளிகளில் படித்த இவர் சைவராகி, ஏழாலையில் சைவப் பாடசாலை ஒன்றையும் நிறுவினார். இவருடைய மகன் அழகசுந்தரமோ கிறித்தவராகி, பிரான்சிசு கிங்சுபரி என்னும் பெயரில் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார்.

பதிப்புப் பணி

1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். ஆறுமுக நாவலர் அதனைப் பார்வையிட்டுக் கொடுத்தார். நாவலர் 1879 இல் மறைந்த பின்னரே இவருடைய பணி வேகம் பெற்றது. வீரசோழியம் (1881), இறையனார் அகப்பொருள் (1883), தணிகைப் புராணம் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887), இலக்கண விளக்கம் (1889), சூளாமணி (1889) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது இவர் பதிப்பித்த கலித்தொகையே.

ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஊர்ப் பிரதிகள் வேண்டும். அவை மடங்களிலும் புலவர் வீடுகளிலும் சிதறிக் கிடந்தன. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் போன்றோர் ஏடு தந்து உதவினர். எல்லோரும் அவ்வாறு தரவில்லை. ஏடு செல்லரித்து அழிந்தாலும் பிறர் கையில் கொடுக்க மனமில்லாதோர் இருந்தனர். காலணா விலையுள்ள அஞ்சலட்டை இந்தியாவில் 1879 இல்தான் அறிமுகமாயிற்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம். கடிதத்தால் அடைய முடியாதோரைத் தம் பதிப்புரைகளின் வழியே வேண்டினார். ஏடுகளின் சிதைந்த நிலை, தமக்கு உதவியோர் பெயர், அச்சிட்டதால் நேர்ந்த பொருள் நட்டம் ஆகியவற்றை அவ்வுரைகளில் ஒளிக்காமல் எழுதினார். அவற்றை ஊரறிய எழுதிய கடிதங்கள் என்றே கொள்ளலாம்.

இவருடைய பதிப்புகளில் பிழைகள் இல்லாமல் இல்லை. பொருளதிகாரம் முழுமைக்கும் உரை நச்சினார்க்கினியருடையது என்றே வெளியிட்டார். அதன் இறுதி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் நிறுவினர். ஆயினும் அந்த ஆய்வுக்கு வேண்டிய நூல் அவர்கள் கையில் கிடைத்தது இவரால்தான்.

உ. வே. சாமிநாதையருடன் தொடர்பு

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், 1880 அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபின் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அதே நூலைப் பதிப்பிக்கத் தாமோதரம்பிள்ளையும் விரும்பினார். சாமிநாதையர் தொகுத்து வைத்திருந்த பிரதிகளையும் குறிப்புகளையும் தமக்குத் தந்துவிடுமாறு கேட்டார். கேட்டவர் பட்டமும் பதவியும் பதிப்பு அனுபவமும் உடையவர். வயதிலும் 22 ஆண்டுகள் மூத்தவர். மறுப்பது இளம் ஆசிரியருக்கு எளிதாக இருக்கவில்லை. அந்தத் தடுமாற்றத்தைச் சாமிநாதையர் தம் தன்வரலாறான என் சரித்திரத்தில் விரிவாக எழுதியுள்ளார். முடிவில் அவரே பதிப்பிக்கத் துணிந்தார். சிந்தாமணி 1887 இல், கலித்தொகை வந்த அதே ஆண்டில் வெளிவந்தது.

தாமோதரம்பிள்ளை கேட்டது பேராசையால் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. ஏடுகள் அழிவதற்குள் யாராவது அச்சிட வேண்டும் என்ற அவசரம் அவரிடம் எப்போதும் இருந்தது. உழைத்துத் திருத்திய பிரதியை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சாமிநாதையர் தயங்கியதும் நியாயமே.

கடிதங்கள்

தமக்கு வந்த கடிதங்களைச் சாமிநாதையர் பேணி வைத்தார். 3000க்கும் மேற்பட்ட அக்கடிதங்கள் சென்னை பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இவற்றில் தாமோதரம்பிள்ளை எழுதியவையும் உண்டு. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கடிதக் கருவூலத்தின் முதல் தொகுதி 2018 இல் வெளிவந்தது. 1877 இல் தொடங்கும் அத்தொகுதி 1900 ஆம் ஆண்டுடன் முடிகிறது. அடுத்த ஆண்டின் முதல் நாளில் தாமோதரம்பிள்ளை சென்னையில் காலமானார்.