கர்னல் மன்றோவும் கூடாரக் கணக்கும்

மன்றோ என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குச் சென்னைத் தீவுத்திடல் நினைவுக்கு வரும். அங்கே குதிரைமீது அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்தவர். நான் எழுத வந்தது அவரைப் பற்றியன்று. அதே சென்னைப் பட்டாளத்திலிருந்து திருவிதாங்கூருக்கு வந்து, ரெசிடெண்டாகவும் திவானாகவும் பணியாற்றிய கர்னல் ஜான் மன்றோவைப் பற்றியே எழுதுகிறேன். கொல்லத்துக்கு அருகே கல்லடை ஆறும் அஷ்டமுடிக் காயலும் கூடுமிடத்தில் உள்ள மன்றோத் தீவு இவர் பெயரால் விளங்குவது.

வேதியியல் படிக்கிறவனுக்குப் பட்டாளத்துக்காரர் வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்தது. என் தந்தையார் சாலைக் கடைத்தெருவிலே கணக்கெழுதுகிறவர். நான் பட்டப்படிப்பை வேறோர் ஊரில், விடுதியில் தங்கிப் படித்தேன். மூன்றாம் ஆண்டில் விடுதியின் உணவுக் குழுவில் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரிசி, காய்கறி, விறகு எல்லாவற்றுக்குமாக மாதந்தோறும் ஒரே தொகை குழுவினர் கையில் கொடுக்கப்பட்டு வந்தது. மாணவர் நூறு பேர் உண்டாலும் அதே தொகை. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டாலும் அதே தொகை. மிச்சம் என்னாகிறது என்று கேட்பாரில்லை. நான் இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். எவர் பெயரையும் அதில் குறிப்பிடவில்லை; ஏற்பாடு தவறு என்று மட்டுமே எழுதினேன். அடுத்த வாரம் என்னோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண ஆளில்லை. குழுவில் இருந்தவர் அனைவரும் என் நண்பர்கள். தங்களை நான் திருடர் என்று சொல்லிவிட்டதாகவே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு இங்கே முதுகலை வகுப்பில் சேர்ந்தேன். நூலகத்தில் ஒருநாள் திருவிதாங்கூர் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே இதே வகையான அறிக்கை ஒன்றை எழுதிச் சிறைக்காவலுக்கு ஆளான ஒருவரைக் கண்டேன். அவர்தாம் ஜான் மன்றோ.

அவர் 1778ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடபகுதியில், டீனினிக் என்னும் ஊரில் பிறந்தார். இளம் பருவத்திலேயே கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரில் அவரும் இருந்தார். ஆயினும் அவரை உயர்த்தியது வாள் அன்று. மொழியும் எழுத்தும் கணக்குமே. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், அரபி, பாரசீகம் ஆகியவற்றோடு இந்திய மொழிகள் சிலவற்றையும் அவர் அறிந்திருந்தார். அடுத்தடுத்து வந்த படைத்தலைவர்களுக்கு அந்தரங்கக் காரியதரிசியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். இருபத்தேழாம் வயதில் சென்னைப் பட்டாளத்தின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல் ஆனார்.

அந்தப் பதவியின் வேலை என்ன? படை எந்த வழியாகப் போகவேண்டும், எங்கே தங்கவேண்டும், கூடாரம் எத்தனை, அவற்றைச் சுமக்கும் மாடுகள் எத்தனை என்பவற்றைக் கவனிப்பது. போர்க்களத்தில் புகழ் தேடுவோர் விரும்பாத வேலை. ஆனால் இது கெட்டுப்போனால் போரே கெட்டுப்போகும்.

அக்காலத்துக் கும்பினி அதிகாரியின் வாழ்க்கையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஊரைவிட்டுப் பல மாதம் கப்பலில் வந்தவன் அவன். பதவி உயர்வு மூப்பு வரிசைப்படிதான். மேலே இருப்பவர் இறந்தாலோ விலகினாலோதான் கீழே இருப்பவருக்கு இடம். சம்பளத்தைக் காட்டிலும் பேட்டாவும் பிற படிகளுமே அவனுக்கு ஆதாரம். அவற்றில் ஒன்று கூடாரப் படி. சிப்பாய்ப் பட்டாளம் ஒவ்வொன்றின் தலைமை அதிகாரிக்கும், கூடாரங்களையும் மாடுகளையும் ஆட்களையும் தயாராக வைத்துக்கொள்வதற்காக மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. போர் நடந்தாலும் அமைதி நிலவினாலும் தொகை ஒன்றே. அமைதிக் காலத்தில் மாடுகளை வாங்காமல் இருந்தால் பணம் மிஞ்சும். திடீரென்று போர் வந்தால் கூடாரமும் இராது, மாடும் இராது.

1807இல் படைத்தலைவர் சர் ஜான் கிராடக் இதைப்பற்றி ஆராயும்படி மன்றோவைப் பணித்தார். மன்றோ அறிக்கை எழுதினார். இந்த ஏற்பாடு அதிகாரியின் கடமையை ஒருபுறமும் அவனுடைய ஆதாயத்தை மறுபுறமும் நிறுத்தி இரண்டையும் மோதவிடுகிறது என்பது அதன் சாரம். தனி மனிதர் எவரையும் அவர் குற்றஞ் சாட்டவில்லை. 1808இல் கூடார ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

அதிகாரிகள் கொதித்தெழுந்தார்கள். வருமானம் போனதைச் சொல்லிக் கொதிக்க முடியுமா? மானம் போயிற்று என்று கொதித்தார்கள். மன்றோவைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். புதிய படைத்தலைவர் ஜெனரல் மக்டோவல் 1809 ஜனவரியில் அவரைக் கைது செய்தார். மன்றோ அரசாங்கத்திடம் முறையிட்டார். கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ அவரை விடுவிக்கும்படி ஆணையிட்டார். மக்டோவல் விடுவித்தார், ஆனால் மன்றோவைக் கண்டித்துப் பட்டாளம் முழுவதற்கும் ஓர் உத்தரவை எழுதி வைத்துவிட்டுத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். அந்தக் கப்பல் கடலிலேயே மறைந்துபோயிற்று. அவர் மூட்டிய நெருப்போ இங்கே எரிந்தது. மசூலிப்பட்டணத்திலும் ஐதராபாத்திலும் சீரங்கப்பட்டணத்திலும் வெள்ளை அதிகாரிகளே அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். அவ்வாண்டிலேயே அது அடக்கப்பட்டது. கூடாரக் கணக்கு ஒன்று ஒரு மாகாணத்தின் படையையே இரண்டாகப் பிளந்துவிட்டது!

சென்னையில் மன்றோ காவலில் இருந்த அதே 1809 ஜனவரியில்தான் திருவிதாங்கூரும் தீப்பற்றியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பித் தளவாய், குண்டறையில் நின்று கும்பினிக்கு எதிராக மக்களை அழைத்தார். 1805 உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கும்பினிக்குக் கட்டவேண்டியிருந்தது. நாட்டின் வருவாய் அதைத் தாங்கவில்லை. பாக்கி ஏறியது, ரெசிடெண்டின் நெருக்கடியும் ஏறியது. ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார். சோர்ந்து கிடந்த அந்நாட்டுக்கு 1810இல் ரெசிடெண்டாக அனுப்பப்பட்டவர் மன்றோ.

அவ்வாண்டே மகாராஜா பாலராம வர்மா மறைந்தார். இருபது வயதளவே ஆகியிருந்த கௌரி லட்சுமிபாய் ஆட்சிக்கு வந்தார். 1811இல் திவான் உம்மிணித் தம்பி நீக்கப்பட்டார். அரசியார் மன்றோவையே திவானாகவும் அமர்த்தினார்.

இனி அவர் செய்தவற்றைப் பார்ப்போம். அதுவரை ஒவ்வொரு வட்டாரத்திலும் காரியக்காரர் என்பவர் இருந்தார். வரி தண்டுவதும் அவரே, வழக்குத் தீர்ப்பதும் அவரே, தண்டனை கொடுப்பதும் அவரே. மன்றோ காரியக்காரர் இடத்தில் தாசில்தாரை நியமித்து, வரி வேலையை மட்டும் அவரிடம் விட்டார். நீதி வழங்கும் வேலையைப் பிரித்துப் பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய ஐந்து ஊர்களில் ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். மேல்முறையீட்டுக்குத் திருவனந்தபுரத்தில் ஹுசூர் நீதிமன்றம் அமைந்தது. அதிகாரிகள் எப்படி நடக்கவேண்டும் என்பதைச் சட்டவரியோலை என்ற பெயரில் எழுதி வைத்தார். சட்டம், வரி, ஓலை என்ற மூன்று சொற்களும் நமக்குப் பழக்கமானவைதாமே!

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? கூடாரக் கணக்கிலிருந்து வந்தன என்பதே என் துணிபு. பணம் வாங்குகிற கையும் கணக்குப் பார்க்கிற கண்ணும் ஒருவருடையதாக இருக்கக்கூடாது என்று சென்னையில் எழுதியவர், வரி தண்டுகிறவனே தீர்ப்பும் சொல்லக்கூடாது என்று திருவிதாங்கூரில் நடத்திக் காட்டினார். திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகக் கட்டடம் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆனால் அந்தச் செயலக முறைக்கு வித்திட்டவர் மன்றோ என்பார்கள். உதவித்தொகைத் தாளோடு மேசைக்கு மேசை அலையும்போது நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த மேசைகள் ஏன் பிரிக்கப்பட்டன என்பதையும் ஒருகணம் எண்ணுவது நல்லது.

அவர் காலத்து வேறு சில செயல்களையும் சொல்லவேண்டும். 1812இல் அடிமைகளை வாங்கவும் விற்கவும் அரசியார் தடை விதித்தார்; ஆனால் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளுக்கு அத்தடை பயன்படவில்லை. அவர்கள் விடுதலை பெற 1855 வரை காத்திருக்க நேர்ந்தது. 1813இல் அம்மைப்பால் குத்தும் முறை நாட்டில் தொடங்கியது. அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டு மக்களின் அச்சத்தைப் போக்கினார்கள். தென்திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று மன்றோ அனுமதித்தார். ஆனால் தோள்சீலைப் போராட்டம் அதோடு முடியவில்லை. அடியும் தீவைப்பும் கண்டு, 1859இல்தான் அரசின் அனுமதி வந்தது; அதுவும் முழு அனுமதி அன்று. அறிவிப்பு ஓலைக்கும் அது தெருவில் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே ஒரு தலைமுறை வாழ்ந்து மடிந்துவிடுகிறது.

அவருடைய செயல்களில் இன்றுவரை தொடர்வது கோயில் ஏற்பாடு. 348 பெரிய கோயில்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு கோயில்களையும் அவற்றின் நிலங்களோடு அரசு எடுத்துக்கொண்டது. சீர்கேட்டை நீக்குவதற்காக என்று சொல்லப்பட்டது. கருவூலம் நிறைந்ததும் உண்மை. அந்த நிலங்களுக்கு ஈடாகக் கோயில்களுக்குப் பணம் கொடுக்கும் கடமை அரசைத் தொடர்ந்தது. இந்திய அரசியலமைப்பின் 290அ பிரிவைப் பாருங்கள். கேரள அரசு ஆண்டுதோறும் 46,50,000 ரூபாயும், 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு இணைந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழக அரசு 13,50,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. சுசீந்திரத்தில் விளக்கெரிவதற்குப் பின்னேயும் ஒரு பட்டாளத்துக்காரரின் கணக்கு இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழுகிறது. ரெசிடெண்ட் என்பவர் யார்? கும்பினிக்குச் சேரவேண்டியதைக் கேட்டு வாங்குகிறவர். திவான் என்பவர் யார்? நாட்டின் கருவூலத்தைக் காக்கிறவர். கேட்கும் நாற்காலியிலும் கொடுக்கும் நாற்காலியிலும் மன்றோ ஒருவரே அமர்ந்திருந்தார்! கும்பினியின் கடன் தீர்ந்தது. அது நாட்டுக்கு நன்மையா, கும்பினிக்கு நன்மையா என்று கேட்க அங்கே மூன்றாமவர் இல்லை. கடமையையும் ஆதாயத்தையும் ஒரே மனிதனிடம் மோதவிடலாகாது என்று எழுதிய அதே கைதான் இரண்டு முத்திரைகளையும் பிடித்திருந்தது. அவர் கையாடினார் என்று நான் சொல்லவில்லை. தம்முடைய அறிக்கையின் அளவுகோலைத் தமக்கு வைத்துப் பார்க்கவில்லை என்றே சொல்கிறேன். 1814இல் திவான் பதவியை விட்டார். பின்னும் சில ஆண்டுகள் ரெசிடெண்டாக இருந்து, பிறகு தாய்நாடு சென்றார். 1858இல், எண்பது வயதளவில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

மன்றோவை நான் குறை சொல்லும்போது என்னையும் சொல்லவேண்டும். விடுதியில் கணக்குப் பார்த்த எனக்கு உணவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியும் அதே மாதத் தொகையிலிருந்துதான் வந்தது. என் அறிக்கையின் இரண்டு பக்கத்திலும் அதை நான் எழுதவில்லை. நண்பர்கள் என்னோடு உண்ண மறுத்தபோது, உண்மை சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணிப் பெருமிதம் கொண்டேன். மன்றோவின் இரட்டை நாற்காலியைப் பற்றிப் படித்த அன்று இரவுதான் அந்த விடுபட்ட வரி எனக்கு உறைத்தது. என் தந்தையாரிடம் சொன்னேன். தம் சம்பளத்தையும் பேரேட்டில் முதலில் எழுதிவிட்டுத்தான் பிறர் பற்றை எழுதுவது தம் வழக்கம் என்று மட்டும் கூறினார். பழைய நண்பருள் ஒருவருக்கு விடுபட்டதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

தோழர்களே, நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் அமர்வோம், சிலர் ஆய்வுக்கூடங்களில், சிலர் பட்டாளத்திலும்தான். எங்கே போனாலும் நமக்கும் ஒரு கூடாரக் கணக்கு காத்திருக்கும். அதை எழுத அஞ்சாமை வேண்டும். அதற்கு மன்றோ வழிகாட்டுவார். எழுதும்போது நம் பங்கையும் சேர்த்து எழுதும் நேர்மையும் வேண்டும். அதை மன்றோ விட்டுச்சென்ற குறையிலிருந்து நாம் கற்றுக்கொள்வோம்.