அலெக்சாந்திரா டேவிட்-நீல்

அலெக்சாந்திரா டேவிட்-நீல் (அக்டோபர் 24, 1868 - செப்டம்பர் 8, 1969) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பயணியும் எழுத்தாளரும் பௌத்த ஆய்வாளரும் ஆவார். அயலாருக்குத் தடை செய்யப்பட்டிருந்த திபெத்தின் தலைநகர் லாசாவை 1924 இல் மாறுவேடத்தில் அடைந்தார். அந்நகரை அடைந்த முதல் ஐரோப்பியப் பெண் இவரே. தொடக்கத்தில் இசைநாடகப் பாடகியாக இருந்த இவர், மேடைத் தொழிலிலிருந்து இளவயதிலேயே விலகினார். 1911 இல் தம் கணவர் பிலிப் நீலிடம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் திரும்புவதாகக் கூறி ஆசியாவுக்குப் புறப்பட்டார். ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்தே பிரான்சுக்குத் திரும்பினார். இப்பயணத்தின் தொடக்கத்தில், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் வந்துள்ளார். இவர் பயணம் செய்த ஆண்டுகளில் கணவர் வட ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு பணமும் கடிதங்களும் அனுப்பி வந்தார். அவருடைய துணையின்றி இப்பயணம் நீடித்திருக்க இயலாது.

இளமை

அலெக்சாந்திரா பாரிசு நகரை அடுத்த சேன்-மாந்தே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூயி டேவிட் ஆசிரியராகவும் இதழாளராகவும் இருந்தவர், குடியரசுக் கொள்கையர், எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நண்பர். தாயார் பெல்சிய நாட்டவர். தந்தை சீர்திருத்தக் கிறித்தவ மரபையும் தாய் கத்தோலிக்க மரபையும் சேர்ந்தவர்கள். அலெக்சாந்திரா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் பெல்சியத்துக்குக் குடிபெயர்ந்து பிரசெல்சு நகரின் இக்செல் பகுதியில் வாழ்ந்தது.

சிறுவயது முதலே வீட்டை விட்டுச் சொல்லாமல் வெளியேறும் இயல்பு இவருக்கு இருந்தது. பதின்ம வயதில் பெற்றோருக்குத் தெரியாமல் வெளிநாடுகளுக்கும் சென்று வந்தார். புவியியல் அறிஞரும் அரசின்மைக் கோட்பாட்டாளருமான எலிசே ரெக்லூ இவருடைய சிந்தனையில் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தினார்.

பாரிசில் 1889 இல் திறக்கப்பட்ட கிமே அருங்காட்சியகத்தின் நூலகம் இவருடைய வாழ்வைத் திசைதிருப்பியது. அங்கே கீழைச் சமய நூல்களைப் பயின்றார், சமற்கிருதமும் கற்றார், பௌத்தத்தைத் தழுவினார். பின்னர், தம் ஞானத்தாய் விட்டுச்சென்ற சொத்து கைக்கு வந்ததும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டார். 1890-91 இல் நிகழ்ந்த இம்முதற் பயணம், கைப்பணம் தீர்ந்ததும் முடிவுக்கு வந்தது. பயண ஆசையை விடப் பணமே பயணத்தின் நீளத்தை முடிவு செய்கிறது என்பதை அவர் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகள் அவர் வருவாய் தேடும் முயற்சியிலேயே கழிந்தன.

பாடகி வாழ்வும் திருமணமும்

பிரசெல்சு இசைக் கல்லூரியில் பயிற்சி பெற்றிருந்த அலெக்சாந்திரா, இசைநாடக மேடையில் தொழில்முறைப் பாடகியானார். 1895 முதல் 1897 வரை, பிரெஞ்சு இந்தோசீனாவில் இருந்த ஹனோய் இசைநாடக அரங்கில் முதன்மைப் பாடகியாக விளங்கினார். பின்னர் ஏதென்சிலும் துனீசிலும் பாடினார். 1902 இல், முப்பத்து நான்கு வயதை எட்டுவதற்குள்ளாகவோ எட்டிய நிலையிலோ, பாடுவதைக் கைவிட்டார். துனீசு நகரக் கேளிக்கை அரங்கின் கலை இயக்குநராகச் சில காலம் பணியாற்றியபின் எழுத்தையும் ஆய்வையும் மேற்கொண்டார்.

துனீசில் இவர் சந்தித்த பிலிப் நீல், துனீசியத் தொடருந்துத் துறையில் உயர் பொறியாளர். இருவரும் ஆகசுட்டு 4, 1904 அன்று மணம் செய்துகொண்டனர். அப்போது அலெக்சாந்திராவுக்கு வயது 35. பிள்ளை பெறுவதில்லை என்பது அவருடைய முடிவு. வசதியான வீடும் அன்பான கணவரும் இருந்தும் இல்லற வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. தலைவலியும் மனச்சோர்வும் வாட்டின. அடிக்கடி ஐரோப்பாவுக்குச் சென்று சொற்பொழிவாற்றுவதும் எழுதுவதுமாக இருந்தார்.

அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்தின்படி, மணமான பெண் பல செயல்களுக்குக் கணவரின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. இந்நிலை 1938 வரை நீடித்தது. எனவே நெடும்பயணத்துக்கு நீல் இசைந்தது வெறும் பெருந்தன்மை மட்டுமன்று. அந்த இசைவின்றி அலெக்சாந்திரா புறப்படுவதே அரிதாக இருந்திருக்கும். ஆகசுட்டு 1911 இல் பிசெர்ட் துறைமுகத்தில் அவர் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 42.

புதுச்சேரி வருகை

இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்கு வந்த அலெக்சாந்திரா, நவம்பர் 1911 இல் புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தார். அலிப்பூர் வழக்கிலிருந்து விடுதலையான அரவிந்தர், ஏப்ரல் 1910 இல் புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்தார். சுப்பிரமணிய பாரதியார், வ. வே. சு. ஐயர் முதலியோரும் அந்நாளில் இந்நகரில் அடைக்கலம் புகுந்திருந்தனர். பிரித்தானியக் காவல்துறையின் ஒற்றர்கள் இவர்களுடைய இல்லங்களுக்கு வருவோர் போவோரையெல்லாம் கண்காணித்து வந்தனர்.

பாரிசில் அலெக்சாந்திராவின் நண்பராக இருந்த மிரா அல்பாசா, பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை என அறியப்பட்டவர். எனினும் மிரா முதன்முதலாகப் புதுச்சேரிக்கு வந்தது 1914 இல் தான். அலெக்சாந்திரா அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே இங்கு வந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

அரவிந்தருடன் தத்துவம் பற்றி உரையாடியதைக் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அலெக்சாந்திரா பதிவு செய்துள்ளார். அவர் சென்னையை அடைந்தபோது, இச்சந்திப்பைப் பற்றிக் காவல்துறை உயர் அலுவலர் ஒருவர் விசாரித்தார். பிற்காலத்தில் பிரித்தானிய அதிகாரிகளுடன் அவருக்கு ஏற்பட்ட பிணக்குகளுக்கு இது ஒரு முன்னறிவிப்பாக அமைந்தது.

சிக்கிமும் இமயமலையும்

அப்போது திபெத்தை விட்டு வெளியேறி இந்திய எல்லையில் தங்கியிருந்த பதின்மூன்றாம் தலாய் லாமாவை, அலெக்சாந்திரா 1912 இல் கலிம்போங்கில் கண்டு பேசினார். திபெத்திய மொழியைக் கற்குமாறு தலாய் லாமா அவருக்கு அறிவுறுத்தினார். சிக்கிம் இளவரசர் சித்கியோங் துல்கு அவருடைய நண்பரானார்.

1914 முதல் 1916 வரை, சிக்கிமின் வடக்கே லாச்சென் பகுதியைச் சேர்ந்த துறவி ஒருவரிடம் மாணவராக இருந்தார். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருந்த குகை ஒன்றில் தங்கித் திபெத்திய மொழியையும் தியான முறைகளையும் பயின்றார். 1914 இல் அவரிடம் வந்து சேர்ந்த அபுர் யோங்தென் என்னும் பதினைந்து வயதுச் சிக்கிம் இளைஞர், அதன்பின் வாழ்நாள் முழுதும் அவருடனேயே இருந்தார்.

1916 இல் அரசின் அனுமதியின்றித் திபெத்துக்குள் நுழைந்து சிகாட்சே சென்ற அலெக்சாந்திரா, அங்கே பஞ்சன் லாமாவைச் சந்தித்தார். திரும்பியதும் பிரித்தானிய அதிகாரிகள் அவரைச் சிக்கிமை விட்டு வெளியேற்றினர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் ஐரோப்பாவுக்குத் திரும்புவது கடினமாக இருந்தது. அவர் யோங்தெனுடன் சப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். 1918 முதல் 1921 வரை சீனாவின் மேற்கு எல்லையில் உள்ள கும்பும் மடாலயத்தில் தங்கிப் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தார்.

கடிதங்களில் வாழ்ந்த இல்லறம்

இவ்வாண்டுகள் முழுவதும் அலெக்சாந்திரா கணவருக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிவந்தார். திரும்பும் நாளைத் தள்ளிப்போடுவதற்கான விளக்கம், கண்ட காட்சிகள், சந்தித்த மனிதர்கள், பணத் தேவை என அனைத்தும் அவற்றில் இடம்பெற்றன. அவருடைய பணத்தையும் நீலே கவனித்துக்கொண்டார். போர்க்காலத்தில் அஞ்சல் தடைபட்டு, பணம் வந்து சேர மாதக்கணக்கில் தாமதமானது.

இம்மணவாழ்வை இருவேறு வகையில் நோக்குவர். கணவரைத் தனிமையில் விட்டுவிட்டு அவருடைய பணத்தில் மனைவி ஊர் சுற்றினார் என்பது ஒன்று. பெண்ணுக்கு அறிவுத்தேடல் மறுக்கப்பட்ட காலத்தில் அதற்கு இடங்கொடுத்த அரிய இல்லறம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. நீல் காத்திருந்தார், ஆயினும் அவர்கள் மீண்டும் ஒரே வீட்டில் வாழவில்லை. எனினும் நட்பும் கடிதப் போக்குவரத்தும் நீல் மறையும்வரை நீடித்தன. அக்கடிதங்களை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததாலேயே அலெக்சாந்திராவின் பயணங்களை இன்று நாள்வாரியாக அறிய முடிகிறது.

லாசா பயணம்

1923 இன் இறுதியில், சீனாவின் யுன்னான் பகுதியிலிருந்து அலெக்சாந்திராவும் யோங்தெனும் கால்நடையாகப் புறப்பட்டனர். யோங்தென் ஒரு லாமாவாகவும், அலெக்சாந்திரா அவருடைய வயதான தாயாகவும், புனிதப் பயணம் செல்லும் ஏழைகளாகவும் நடித்தனர். அலெக்சாந்திரா முகத்தில் கரி பூசினார். தலைமுடியைச் சீன மையால் கறுப்பாக்கி, கவரிமா மயிராலான பின்னலைச் சேர்த்துக்கொண்டார். ஆடைக்குள் திசைகாட்டியும் கைத்துப்பாக்கியும் சிறிதளவு பணமும் மறைந்திருந்தன.

பனி மூடிய கணவாய்களைக் குளிர்காலத்தில் கடந்தனர். வழியில் யோங்தெனின் கால் பிசகியது. உணவு தீர்ந்தபோது காலணிக்கு வைத்திருந்த தோலைக் கொதிக்கவைத்துக் குடித்ததாக அலெக்சாந்திரா எழுதியுள்ளார். ஏறத்தாழ நான்கு மாத நடைக்குப் பின், 1924 இன் தொடக்கத்தில், திபெத்தியப் புத்தாண்டுக் காலத்தில் லாசாவை அடைந்தனர். அப்போது அலெக்சாந்திராவுக்கு வயது 55. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் அங்குத் தங்கியபின் கியான்சே வழியாக இந்தியாவுக்குத் திரும்பினர்.

லாசாவை அடைந்த முதல் ஐரோப்பியர் இவரே எனச் சிலர் எழுதுவது தவறாகும். 1661 இலேயே இயேசு சபைத் துறவியர் இருவர் அங்குச் சென்றுள்ளனர். 1904 இல் யங்அசுபண்டு தலைமையிலான பிரித்தானியப் படையும் அந்நகருள் நுழைந்தது. இவர் முதல் ஐரோப்பியப் பெண் என்பதே சரியானது. இப்பயணம் நிகழவே இல்லை என்று வாதிடும் நூலொன்று இவருடைய மறைவுக்குப் பின் 1972 இல் வெளிவந்தது. ஆயினும் கணவருக்கு எழுதிய கடிதங்களும், பொத்தல அரண்மனையின் முன் எடுக்கப்பட்ட ஒளிப்படமும் பயணத்தை உறுதி செய்வதாகப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

பிற்கால வாழ்வு

மே 1925 இல் பிரான்சுக்குத் திரும்பிய அலெக்சாந்திரா புகழின் உச்சியில் இருந்தார். லாசா பயணத்தைப் பற்றிய நூல் 1927 இலும், திபெத்தின் மறைஞானியரைப் பற்றிய நூல் 1929 இலும் வெளிவந்தன. நூல்கள் ஈட்டிய வருவாயால் முதன்முறையாகப் பொருளாதாரத்தில் தற்சார்பு பெற்றார். 1928 இல் தென்கிழக்குப் பிரான்சின் தீஞ் நகரில் வீடு வாங்கி, தியானக் கோட்டை எனப் பொருள்படும் சம்தென் சோங் என்னும் பெயரை அதற்கு இட்டார். யோங்தெனைச் சட்டப்படி மகனாகத் தத்தெடுத்தார்.

யோங்தென் வெறும் பணியாளர் அல்லர். லாசா வழியில் ஐயத்துடன் வினவியோருக்கெல்லாம் விடையளித்துத் தாயைக் காத்தவர் அவரே. நூலாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. லிங் நாட்டு கெசர் காப்பியத்தைப் பற்றிய 1931 ஆம் ஆண்டு நூலில் அவருடைய பெயரும் இடம்பெற்றுள்ளது.

1937 இல், தம் 68 ஆம் வயதில், அலெக்சாந்திரா யோங்தெனுடன் சைபீரியத் தொடருந்து வழியாக மீண்டும் சீனா சென்றார். அவ்வாண்டே சீன-சப்பானியப் போர் மூண்டது. திபெத்திய எல்லையை ஒட்டிய தாசியென்லூ நகரில் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. பிப்ரவரி 1941 இல் பிலிப் நீல் மறைந்த செய்தி அவரை அங்கேதான் எட்டியது. முப்பத்தாறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களை இணைத்திருந்த கடிதத் தொடர்பு அத்துடன் முடிந்தது. 1946 இல் இந்தியா வழியாகப் பிரான்சுக்குத் திரும்பினார்.

தமக்குப் பின் வாழ்வார் என அவர் நம்பியிருந்த யோங்தென் 1955 இல் இறந்தார். 1959 முதல் மாரி-மதலேன் பெய்ரோனே என்பவர் அலெக்சாந்திராவின் செயலாளராக இருந்து கவனித்துக்கொண்டார். நூறு வயது நிறைந்தபின்னும் அலெக்சாந்திரா தம் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டார். செப்டம்பர் 8, 1969 அன்று, 101 ஆம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது, தீஞ் நகரில் காலமானார்.

நினைவு

அவருடைய விருப்பப்படி, அவரது சாம்பலும் யோங்தெனின் சாம்பலும் 1973 இல் வாரணாசியில் கங்கையில் கரைக்கப்பட்டன. கணவருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு 1975 முதல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. லாசா நூல் மாறுவேடப் பயணியைக் காட்டுகிறது. இத்தொகுப்போ பணத்துக்குக் கவலைப்பட்ட, திரும்புவதா தொடர்வதா எனத் தடுமாறிய, தொலைவில் இருந்த ஒருவரிடம் நாள்தோறும் மனம்விட்டுப் பேசிய பெண்ணைக் காட்டுகிறது. இவருடைய வாழ்வை அறிய விரும்புவோர் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நன்று.

தீஞ் நகரில் உள்ள சம்தென் சோங் இல்லம் அவருடைய நினைவைப் போற்றும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பதினான்காம் தலாய் லாமா 1982 இலும் 1986 இலும் அங்கு வருகை தந்துள்ளார்.