கண்ணுக்குத் தெரியாத ஒளியை அளந்தவர்

செல்போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறோம். நாலு அடி வைத்ததும் பேச்சு அறுந்து போகிறது. குறுக்கே சுவர் வந்தால் ரேடியோ அலை ஏன் சோர்ந்து போகிறது?

இதே போன்ற கேள்விகளைச் சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். கல்கத்தாவில் ஒரு சிறிய அறையில் சோதனையும் செய்தார். அவர்தான் ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்ன விஞ்ஞானி என்று அவரை அறிவோம். அதற்கு முன்பு அவர் செய்த வேலை இது.

மீனவர் மகனுடன் படிப்பு

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி மைமன்சிங்கில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது.

தந்தை பகவான் சந்திர போஸ் சர்க்கார் அதிகாரி. அந்தஸ்து உள்ளவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. அவரோ மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். சிறுவன் போசுக்கு ஒரு பக்கம் முஸ்லிம் சேவகரின் மகன். மறு பக்கம் மீனவர் மகன்.

பிறகு கல்கத்தாவில் சேவியர் கல்லூரியில் படித்தார். 1880-ல் டாக்டருக்குப் படிக்க லண்டன் போனார். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்தார். புகழ் பெற்ற ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியர்.

சம்பளம் தொடாத 3 ஆண்டுகள்

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போசின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதிதான் என்றார்கள்.

போஸ் சண்டை போடவில்லை. வேலையையும் விடவில்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, 3 ஆண்டுகள்!

இதற்கு நடுவில், 1887-ல், அபலாவை மணந்தார். அபலா நம் சென்னைக்கு வந்து டாக்டர் படிப்புப் படித்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. சம்பளம் வராத வீட்டில்தான் அவர்களுடைய குடித்தனம் தொடங்கியது.

கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. முழுச் சம்பளப் பாக்கியும் மொத்தமாகக் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு தந்தையின் கடனை அடைத்தார் போஸ்.

தகரக் கொல்லரின் உதவி

ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்திருந்தார். அவை நீளமான அலைகள். அவற்றை ஒளியைப் போல வளைத்துக் காட்ட, ஹெர்ட்ஸ் சுமார் 600 கிலோ எடையுள்ள கீல் கட்டியைச் செய்ய வேண்டி இருந்தது.

அலை குட்டையானால் கருவியும் சிறிதாகும் என்று போஸ் நினைத்தார். 1894-ல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நல்ல ஆராய்ச்சிக்கூடம் கிடையாது. ஒரு தகரக் கொல்லரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார். ரெயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு இடையே ஈயத்தகடு வைத்தார். அதுவும் ஒரு கருவி ஆயிற்று!

5 மில்லி மீட்டர் வரை குட்டையான அலைகளை அவர் உண்டாக்கினார். அந்த அலை வினாடிக்கு 6,000 கோடி முறை துடிக்கும்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் எல்லோரும் பார்க்கச் செய்து காட்டினார. கண்ணுக்குத் தெரியாத அலை சுவரைத் துளைத்துப் போயிற்று. அப்பால் மணி அடித்தது. வெடிமருந்து வெடித்தது. கம்பியே இல்லை! 1897-ல் லண்டன் விஞ்ஞானிகள் முன்பும் தம் கருவிகளைக் காட்டினார்.

எவ்வளவு மிஞ்சும்?

ஆனால் உலகம் வேறு வழியில் போயிற்று. கடல் கடந்து செய்தி அனுப்ப மார்க்கோனி நீண்ட அலைகளைப் பயன்படுத்தினார். குட்டை அலைக்கு அத்தனை தூரம் போகும் சக்தி கிடையாது. போசின் வேலையைப் பல ஆண்டுகள் அதிகம் பேர் தேடவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கோடிக்கணக்கான செல்போன்களால் நீண்ட அலைகளில் இடநெருக்கடி. குட்டை அலைகளில் இடம் தாராளம். 2022-ல் இந்தியாவில் 5ஜி-க்காக ஏலம் விட்டவற்றுள் ஒன்று 26 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் சுமார் 11½ மில்லி மீட்டர். போஸ் கையாண்ட அலைதான்!

சுவருக்கு அப்பால் அலை போகும் என்று போஸ் காட்டினார். போன பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதே இன்றைய என்ஜினீயர்களின் கணக்கு. தடை இல்லாத வெளியிலேயே தூரம் இரு மடங்கானால் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். நகரத்தில் கட்டிடம், மரம், மனித உடம்பு எல்லாம் தடை.

நியூயார்க் தெருக்களில் 28 கிகாஹெர்ட்ஸ் அலையை அளந்து பார்த்தார்கள். சாதாரணக் கண்ணாடி பாதிக்கும் சற்று அதிகமாகத் தடுத்தது. சாயம் பூசிய கண்ணாடியோ பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விட்டது! ஆனால் சுவர்களில் மோதித் திரும்பும் அலையும் உதவியது. இவற்றை எல்லாம் கணக்கில் சேர்த்துத்தான், எந்தத் தெருவில் எத்தனை கோபுரம் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

பணம் தேடாதவர்

போஸ் தம் கண்டுபிடிப்புகளை விற்க விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால், அலையை உணரும் ஒரு கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானார்.

2012-ல், சர்வதேச மின் பொறியாளர் சங்கம் ஒன்று பிரசிடென்சி கல்லூரியில் செய்த அந்தச் சோதனைகளை வரலாற்று மைல்கல் என்று அறிவித்தது. அவர் இறந்து 75 ஆண்டுகள் கழித்து அந்தப் பெருமை வந்தது. மூன்று ஆண்டுகள் சம்பளத்துக்குக் காத்திருந்தவர், இதற்கும் காத்திருக்க வேண்டி இருந்தது. இரண்டு முறையும் பாக்கி முழுதாக வந்து சேர்ந்தது.