டி.வி. சுந்தரம் ஐயங்கார்

நமது ஓசூரில் டி.வி.எஸ். என்னும் மூன்று எழுத்துகளை அறியாதவர் இல்லை. ஆனால் அவை ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் எழுத்து அவரது ஊராகிய திருக்குறுங்குடியைக் குறிக்கும். நெல்லைச் சீமையிலுள்ள அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு சுந்தரம் ஐயங்கார் பிறந்தார்.

வக்கீலாகத் தொடங்கிய அவர், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்தார். மாதச் சம்பளம் தரும் வேலையைத் துறந்து, 1912-இல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். மாட்டுவண்டியை நம்பி மக்கள் வாழ்ந்த காலம் அது.

அந்நாளில் பஸ் ஓட்டுவது எளிதன்று. எஞ்சினின் வலிமையைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்வது கியர்ப் பெட்டி. சிறிய பற்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது வேகம் குறைந்து இழுவிசை கூடும். ஆகவே ஏற்றத்தில் கீழ்க் கியரும், சமவெளியில் மேல் கியரும் வேண்டும். அவற்றை ஓசையின்றி இணைக்கும் அமைப்பு அப்போது வரவில்லை. ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஒலியைக் கேட்டே கியரை மாற்ற வேண்டும். தவறினால் பற்கள் தேய்ந்து, வண்டி நடுவழியில் நிற்கும். ஆயினும் அவருடைய பஸ்கள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றன. சாலையில் கிடக்கும் ஆணிகளைக் காந்தம் பொருத்திய வண்டியால் முன்கூட்டியே அகற்றச் செய்தார் என்பர்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பஞ்சம் வந்தது. கரியிலிருந்து எடுக்கும் வாயுவால் பஸ்ஸை ஓட்டும் கருவியை அவர் தயாரித்தார். அந்த வாயுவில் எஞ்சினின் வலிமை குறையும். மேட்டில் கீழ்க் கியரில் மெல்லத்தான் ஏற வேண்டும். எனினும் போக்குவரத்து நின்றுவிடவில்லை.

வீட்டிலும் அவருக்குச் சோதனை நேர்ந்தது. மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்கள் மூலையில் முடங்கிய காலத்தில், பெற்றோர் அவரை டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படிக்க ஊக்குவித்தனர். 1936-இல் டாக்டர் பட்டம் பெற்ற அவரே பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

சுந்தரம் ஐயங்கார் 1955-இல் கொடைக்கானலில் காலமானார். 25 ஆண்டுகள் கழித்து, 1980-இல், ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதில் கியர் மாற்றும் வேலையே இல்லை. எஞ்சின் வேகமெடுத்ததும் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். இன்று எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிடதியில் கேம்ரி ஹைப்ரிட் கார் தயாராகிறது. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போன்று அமைந்த பற்சக்கரங்கள் அதன் பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைக்கின்றன. அதிலும் ஓட்டுபவர் கியர் மாற்றத் தேவையில்லை.

தோழிகளே! எஞ்சினில் எவ்வளவு வலிமை இருந்தாலும், அது சக்கரத்தை அடைந்தால்தான் வண்டி நகரும். நம் அறிவும் அவ்வாறே பிறருக்குப் பயன்பட வேண்டும். காலம் தவறாமையைச் சுந்தரம் ஐயங்காரிடமும், துன்பத்தில் துவளாத உறுதியை அவர் மகளிடமும் கற்றுக்கொள்வோமாக!