திடல் காத்த டாம் மாரிஸ்

விளையாட்டில் வெற்றி கொண்டார் பெயரை உலகம் எளிதிற் போற்றும். அவ்வெற்றிக்கு இடந்தந்த நிலத்தைச் செப்பனிட்டார் பெயரை அறிவார் அரியர். ஆட்டத்தில் முதன்மையும் நிலங்காக்குந் தொழிலில் முதன்மையும் ஒருவரிடத்தே அமைதல் அரிதினும் அரிது. அவ்வாறு அமையப்பெற்றவர் ஸ்காட்லாந்து நாட்டினரான டாம் மாரிஸ். கோல்ஃப் என்னும் ஆட்டத்தை நம்மிற் பலர் ஆடியிரார். எனினும் இவர் வரலாறு ஆட்டம் அறியாதார்க்கும் பயன்படுவதாகலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சிறு பந்தொன்றை மட்டையால் அடித்துச் சென்று, நிலத்தில் ஆங்காங்கே அமைந்த குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்துவதே கோல்ஃப். குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்தவரே வென்றவர். இவ்வாட்டத்திற்குத் தாயகம் போல விளங்குவது ஸ்காட்லாந்தின் கீழ்கடற்கரையிலுள்ள ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம். அந்நகரில் 1821-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் எளிய குடும்பமொன்றில் மாரிஸ் பிறந்தார். தந்தையார் நெசவுத்தொழில் செய்தவர். மைந்தரோ பதினான்கு வயதளவில் ஆலன் ராபர்ட்ஸன் என்பாரிடம் பந்து செய்யுந் தொழில் பயிலச் சேர்ந்தார். ராபர்ட்ஸன் பந்து செய்வதில் மட்டுமன்றி, அதனை ஆடுவதிலும் அக்காலத்தில் ஒப்பாரின்றி விளங்கியவர். ஆசிரியரும் மாணவரும் இணைந்து ஆடிய ஆட்டங்களில் அவர்களை வென்றார் எவருமிலர் என்பர்.

அந்நாளைய பந்து தோலால் ஆனது. ஈரத்தோலைத் தைத்து, அதனுள் வேகவைத்த இறகுகளை இறுகத் திணித்து உலர்த்துவர். திறமை மிக்க தொழிலாளியும் நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேற் செய்தல் அரிது. ஆதலின் விலையும் மிகுதி. 1848-ஆம் ஆண்டளவில், மலேயா நாட்டு மரமொன்றின் பாலாகிய கட்டாபெர்ச்சாவினாற் செய்த பந்து அங்குப் புகுந்தது. அது மலிவானது; மழையிற் கெடாதது. தம் பிழைப்பிற்கு இடையூறு வந்ததென்று ராபர்ட்ஸன் அதனை வெறுத்தார். ஒருநாள் மாரிஸ் அப்புதிய பந்தைக்கொண்டு ஆடியதைக் கண்டு அவர் வெகுண்டாரென்றும், அதுவே இருவரும் பிரிதற்குக் காரணமாயிற்றென்றும் கூறுவர். பின்னர் ராபர்ட்ஸனும் அப்பந்தையே ஏற்கவேண்டியதாயிற்று. காலத்தின் போக்கைத் தடுக்க வல்லார் யார்?

1851-ஆம் ஆண்டில் மாரிஸ் மேல்கடற்கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குச் சென்று, அங்குப் பன்னிரண்டு குழிகள் கொண்ட திடலொன்றை வகுத்து, அதன் காவலரும் ஆயினர். அத்திடலிலேதான் 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள், இன்று உலகப் புகழ் பெற்றுள்ள ஓபன் போட்டி முதன்முதல் நிகழ்ந்தது. ஆடியவர் எண்மரே. திடலை மும்முறை சுற்றி ஆடியதில் வில்லி பார்க் என்பார் 174 அடிகளில் முடித்து வெற்றி பெற்றார். மாரிஸ் இரண்டடியே பிற்பட்டார். அத்தோல்வியால் உளந்தளராது 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்காண்டுகளிலும் அவர் வாகை சூடினர். இறுதி வெற்றியின்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அத்துணை முதிர்ந்த வயதில் அப்போட்டியை வென்றார் பிறர் இன்றுவரை இலர்.

1865-ஆம் ஆண்டில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் சங்கத்தார் அவரைத் தம்மூர்த் திடலைக் காக்க அழைத்துக்கொண்டனர். ஆண்டூதியம் ஐம்பது பவுன். திடலோ சீர்கெட்டுக் கிடந்தது. ஒரு குழியில் ஆட்டத்தை முடித்தவர் அக்குழியின் அருகிலிருந்தே அடுத்ததற்கு அடித்தமையால், குழியைச் சூழ்ந்த புற்றரை மிதிபட்டுச் சிதைந்தது. மாரிஸ் அடி தொடங்குதற்கெனத் தனியிடங்களை அமைத்தார். முட்புதர்களை வெட்டி வழியை அகலமாக்கினார். தேய்ந்த இடங்களில் மணலைத் தூவினார். ஒருமுறை மணல்வண்டி கவிழ்ந்த இடத்திற் புல் செழித்து வளர்ந்ததைக் கண்டு இம்முறையை அவர் கைக்கொண்டாரென்பது ஒரு செய்தி. மணல் பள்ளங்களை நிரப்பும். மழைநீர் தேங்காது வடியச் செய்யும். அதனூடே முளைக்கும் புல் செறிந்து நிற்கும். திடல் காப்போர் இன்றும் இம்முறையைக் கையாளுகின்றனர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திடலில் ஆட்டம் நிகழ அவர் இசைந்திலர். தம் திருச்சபையில் மூப்பராக விளங்கிய அவருக்கு அந்நாள் தூயதென்பது ஒரு காரணம். மனிதர்க்கு ஓய்வு வேண்டாவிடினும் புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்பது மற்றொன்று. சிறப்புப் போட்டி நாட்கள் நீங்கலாக, ஞாயிறுதோறும் அப்பழந்திடல் இன்றும் ஆட்டமின்றி ஓய்ந்திருக்கின்றது. அன்று ஊர்மக்கள் அதில் உலாவி மகிழ்கின்றனர்.

இனி அவர் வாழ்வின் துயரப் பகுதியைக் கூறல் வேண்டும். அவர்தம் மைந்தர்க்கும் டாம் என்பதே பெயர். 1868-ஆம் ஆண்டில் பதினேழு வயதிலே ஓபன் போட்டியை வென்ற அவ்விளைஞர், தொடர்ந்து மும்முறை வென்றமையாற் பரிசாகிய கச்சையைத் தமக்கே உரித்தாக்கிக்கொண்டார். வேறு பரிசின்மையால் 1871-இற் போட்டி நிகழவில்லை. 1872-இல் மீண்டும் அவரே வென்றார். 1875-ஆம் ஆண்டு செப்டம்பரில் தந்தையும் மைந்தரும் நார்த் பெரிக் என்னுமிடத்தில் பார்க் உடன்பிறந்தாரை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தனர். அப்போது இளையவரின் மனைவியார் பேறுகால வேதனையால் வருந்துவதாகத் தந்தி வந்தது. அன்பரொருவர் உதவிய படகிலேறி இருவரும் கடற்கழியைக் கடந்து விரைந்தனர். ஆயினும் அவர்கள் வீடு சேருமுன்னர்த் தாயும் சேயும் இறந்தொழிந்தனர். அவ்வாண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்றே இளைய டாமும் இருபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். மறு ஆண்டில் மாரிஸின் மனைவியாரும் மறைந்தார்.

மைந்தரைப் புதைத்த ஊரில், மைந்தரோடு ஆடிய அதே திடலில், மண்வெட்டியேந்திப் பணி செய்தல் எளிதோ? மாரிஸ் அதனைச் செய்தார். 1903 வரை முப்பத்தெட்டாண்டுகள் அத்திடலைக் காத்தார். முயர்பீல்ட், அயர்லாந்திலுள்ள ராயல் கவுண்டி டவுண் முதலிய திடல்களும் அவர் வகுத்தனவே. மட்டையெடுத்து ஆடும் செல்வர்க்கு ஊழியராயிருந்த அவர் உருவத்தை, ஸர் ஜார்ஜ் ரீட் என்னும் ஓவியரைக் கொண்டு தீட்டுவித்துச் சங்கத்தார் தம் மன்றத்தில் வைத்தனர். மக்கள் அனைவரும் தமக்கு முன்னரே மறையக் கண்ட அம்முதியவர், 1908-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் படியினின்று வீழ்ந்து உயிர் துறந்தார். பேராலய வளாகத்தில் மைந்தர் கல்லறையினருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் வென்ற பரிசுகளை இன்று கருதுவார் சிலரே. அவர் பேணிய புல்லின்மீதோ ஆண்டுதோறும் பல்லாயிரவர் நடக்கின்றனர். அத்திடலின் பதினெட்டாம் குழி அவர் பெயராலேயே வழங்குகின்றது. கல்லூரியை விட்டுச் செல்லும் நம்மில் ஒருசிலரே வாகை சூடுவோம். ஆயினும், நமக்குப் பின் வருவோர் நடக்கும் நிலத்தை, நாம் கண்டதினும் நல்லதாக்கி விட்டுச் செல்லுதல் நம் எல்லார்க்கும் இயலும்.