பட்டாவும் பட்டமும்

தமிழக வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் மன்றோ என்னும் பெயரை ஒருமுறைக்கு மேல் சந்திப்பர். பக்சார் போரில் 1764-இல் வெற்றி கண்டு பின்னர்ச் சென்னைப் படையின் தலைவரான ஹெக்டர் மன்றோ ஒருவர். திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் திவானாகவும் விளங்கிக் கொல்லத்துக்கு அருகிலுள்ள மன்றோத் தீவுக்குப் பெயரளித்த ஜான் மன்றோ மற்றொருவர். தீவுத்திடலில் சேணமற்ற குதிரைமீது அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ மூன்றாமவர். பெயரொற்றுமையால் ஒருவர் செயலை மற்றவர்மேல் ஏற்றிக் கூறும் பிழை இன்றும் நிகழ்கிறது. மூவரும் ஸ்காட்லாந்தியர். அந்நாட்டின் வடபகுதியிலுள்ள ஃபவுலிசு என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பழங்குடியின் பெயர் அது. அக்குடித் தலைவர்கள் 1634 முதல் பாரனெட் என்னும் பட்டத்தை வழிவழியாகத் தாங்கி வந்தனர். பாரனெட் என்பது பிரபுக்களுக்குக் கீழான படி. பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. ஆனால் ‘சர்’ என்ற அடைமொழி தந்தைக்குப் பின் மூத்த மகனுக்குச் செல்லும். அரசுக்குப் பணம் தேவைப்பட்ட காலத்தில், 1611-இல், முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஏற்படுத்திய பட்டம் அது என்பதை நினைவிற் கொள்வது நன்று.

தாமஸ் மன்றோவின் இளமைக்கும் அத்தகைய பெருமைகளுக்கும் தொடர்பில்லை. 1761 மே 27-ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் அவர் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அவ்வாணிகம் சரிந்தது; குடும்பம் நொடித்தது. சிறுவயதில் வந்த நோயொன்றால் தாமசுக்குக் காது சற்று மந்தம். ஆயினும் நூல்மேல் தீராத காதல். டான் குயிக்ஸோட் நூலை மூலத்திலேயே படிக்க வேண்டுமென்று ஸ்பானிய மொழியைத் தாமே கற்றார். கற்றவை சோறு போடவில்லை. கும்பினிப் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னைக் கடற்கரையில் இறங்கினார். அப்போது வயது 18.

அவ்வாண்டே போர் வந்தது. சூலை மாதத்தில் ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையோடு இறங்கினார். சென்னைப் படைத்தலைவர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தை நோக்கிப் புறப்பட்டார். அப்படையில் தாமசும் இருந்தார். தலைவருக்கும் அவருக்கும் இடையே இருந்தது பெயரொற்றுமை மட்டுமே. ஒருவர் மார்பில் அரசர் அளித்த விருது, மற்றவர் பையில் சில்லறைக் காசு. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லியின் படை தெற்கே வந்துகொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டி வழியே வந்த அப்படை ஆகஸ்டு 25 அளவில் கொற்றலையாற்றின் வடகரையில் தங்கியது. அன்று ஆறு வற்றிக் கிடந்தது, இறங்கிக் கடந்திருக்கலாம். கடக்கவில்லை. இரவில் மேற்கே மழை கொட்ட, விடிந்தபோது ஆறு கரை புரண்டது. செப்டம்பர்த் தொடக்கம் வரை அப்படை அக்கரையிலேயே முடங்கியது. அந்த இடைவெளி ஐதருக்குப் போதும். செப்டம்பர் 6-இல் திருவள்ளூர் வட்டாரத்துப் பேரம்பாக்கத்தில் திப்புவின் குதிரைப்படை பெய்லியை மறித்தது. 10-ஆம் நாள் பொள்ளிலூரில் அப்படை அழிந்தது. பீரங்கி ஓசை எட்டும் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ, கனத்த துப்பாக்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். கும்பினி இந்திய மண்ணில் அதுவரை கண்டிராத தோல்வி அது. ஸ்ரீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் அப்போரின் ஓவியத்தைக் காணலாம். அந்தத் தோல்வியைக் கண்ட இளைஞர் அது குறித்துத் தந்தைக்கு நெடிய கடிதம் எழுதினார்.

ஹெக்டர் மன்றோ மறு ஆண்டே நாகப்பட்டினத்தை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றி ஓரளவு பெயரை மீட்டுக்கொண்டார். தம் ஊர் மலையுச்சியில் அவர் எழுப்பிய நினைவுச்சின்னம் நாகப்பட்டினத்துக் கோட்டைவாயிலின் சாயலில் அமைந்தது என்பர். நம் கடற்கரை வாயிலொன்று அந்தக் குளிர்மலைமேல் நிற்கிறது. ஆனால் அவர் பெற்ற விருது அவரோடு முடிவது, மகனுக்குச் செல்வதன்று.

தாமசின் அடுத்த பத்தாண்டுகள் வறுமையிலும் வாசிப்பிலும் கழிந்தன. நான்கு குச்சிகளில் விரித்த கித்தானே படுக்கை, ஒரு புத்தகமே தலையணை என்ற நிலையைத் தம் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் நகைச்சுவையோடு விவரித்திருக்கிறார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். தஞ்சாவூரில் இருந்தபோது, ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனை ஒத்த கதையொன்றைப் பாரசீக ஏடொன்றில் கண்டு மொழிபெயர்த்தனுப்ப, மலோன் என்னும் அறிஞர் அதைத் தம் ஷேக்ஸ்பியர்ப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். ஒப்பிலக்கியம் என்ற சொல் புழங்காத காலத்து ஒப்பிலக்கியப் பணி அது.

1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால், சேலம் பகுதிகள் கும்பினிக்கு வந்தன. அவற்றை ஆளக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக மூவரும் அமர்த்தப்பட்டனர். மூவரில் ஒருவர் மன்றோ. அவர் வாழ்வின் உண்மையான தொடக்கம் இதுவே எனலாம். ஏழாண்டுக் காலம் தருமபுரிப் பக்கத்து ஊர்தோறும் கூடாரமடித்து, வயலை அளந்து, கணக்கப்பிள்ளையின் ஓலையைக் கேட்டு, உழுபவனோடு நேரில் பேசினார். வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு 1793-இல் வரி தண்டும் சமீன்தார்களை நிலத்தின் நிலையான உரிமையாளர்களாக்கி, அவர்கள் உரிமையை வழிவழிச் சொத்தாக்கினார். அதையே சென்னை மாகாணத்திலும் செய்யவேண்டும் என்று மேலிடம் விரும்பியது. இல்லாத சமீன்தாரை உண்டாக்குவானேன் என்பதே மன்றோவின் கேள்வி. குடியானவனுக்கும் அரசுக்கும் இடையே பரம்பரை இடைத்தரகன் ஒருவனை ஏலத்தில் உருவாக்கினால் பயன் அவனுக்கே போகும். உழுபவன் பெயரிலேயே பட்டா வழங்கி, அவனிடமே தீர்வை பெறுக என்றார். ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை அது. தொடக்கம் ரீடினுடையது, அதற்காக ஆயுள் முழுதும் வாதாடியவர் மன்றோ.

கன்னடக் கடற்கரைப் பகுதியில் சில காலம் இருந்தபின், 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பகுதிகளை ஆண்டார். அங்கே பாளையக்காரரை ஒடுக்கியதில் அவர் கை வன்மையானது. அதை மறைத்து அவரை அருளாளராக மட்டும் காட்டும் வரலாறுகள் முழுமையானவை அல்ல. அதே மனிதர், விதித்த தீர்வை மிகுதி என்று கண்டு அதில் கால் பங்கைக் குறைக்கவேண்டுமென 1807-இல் பரிந்துரைத்தார். அரசு செவிசாய்க்கவில்லை. தாமே ஆளுநரான பிறகு, 1820-இல்தான் அக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது. அப்பகுதியில் ஆண்குழந்தைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிடும் வழக்கம் இருந்தது. திருப்பதியில் அவர் பெயரால் ஒரு பெருங்கலம், மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சியளித்த கதை என மக்கள் அவரைத் தம் புராணத்திலேயே சேர்த்துக்கொண்டனர்.

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகள் அன்று செங்கல்பட்டு ஜாகீரில் அடங்கியவை. 1802-இல் இந்த ஜாகீரைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சமீன்களாக ஏலம் விட்டனர். வாங்கியவர்கள் பலர் தீர்வை கட்டமாட்டாமல் வீழ்ந்தனர். பின் கிராமக் குத்தகை முயன்று பார்த்தனர், அதுவும் நிற்கவில்லை. முடிவில் மன்றோவின் முறையே இங்கும் வந்தது. ஆயினும் இவ்வட்டாரத்தில் அதற்கொரு சிக்கல் காத்திருந்தது. அதன் பெயர் மிராசு. ஊர் நிலத்தைப் பங்கு பங்காக வழிவழி ஆண்ட வேளாளரும் பிறரும் இங்கே ஏற்கெனவே இருந்தனர். தமிழன்பர்கள் எல்லீசன் என்று போற்றும் எல்லிஸ் துரை, மிராசு தொன்மையான முழுச் சொத்துரிமை என்று நிறுவ அரும்பாடுபட்டு அறிக்கை எழுதினார். அவர் 1819-இல் மறைந்தார். மன்றோ 1824-இல் எழுதிய நீண்ட குறிப்பில் அக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. மிராசுக்கு எல்லிஸ் கண்ட அளவு மதிப்பும் வலிமையும் நடைமுறையில் இல்லை என்றார். திருக்குறளில் தோய்ந்தவரும் வயலை அளந்தவரும் ஒரே சொல்லைப் பற்றி நடத்திய இந்த வழக்கில் ஒருவர் ஏற்கெனவே விடைபெற்றிருந்தார் என்பது தமிழ் ஆய்வுலகின் இழப்பு.

நடைமுறையில் மிராசுதாரரே வென்றனர். தரிசைத் தரக்காஸ்து போட்டு வாங்குவதிலும் முதலுரிமை அவர்களுக்கு. உழுபவனுக்குப் பட்டா என்ற முழக்கம் உண்மையில் ஏர் பிடித்த பறையர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. அவர்கள் படியாட்களாகவே எஞ்சினர். அதைச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹியர் 1891-இல் அறிக்கையாக எழுதியபின், 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுவே. மன்றோவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஓடிய 65 ஆண்டுகளை அவருடைய புகழ்பாடும் நூல்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

1820 சூனில் அவர் சென்னை ஆளுநரானார். அவ்வேழாண்டுப் பணிகளில் கவிஞர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது ஒன்றுண்டு. மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எவர் படிக்கின்றனர், எந்நூல்கள் கற்பிக்கப்படுகின்றன என்று கணக்கெடுக்க 1822-இல் ஆணையிட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826-இல் எழுதினார்: 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர். ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு இது குறைவென்று அவர் கருதினாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்ததைவிட மேல் என்றும் ஒப்புக்கொண்டார். நம் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி இன்று பேசுவோர் அனைவருக்கும் அக்கணக்கே அடிப்படை. இந்தியர்க்கு உயர்பதவி தராத ஆட்சி அவர்களைத் தாழ்த்தும் என்றும், என்றேனும் தம்மைத் தாமே ஆளும் நிலைக்கு அவர்கள் வரும்போது ஆங்கிலேயர் விலகுவதே முறை என்றும் 1824-இல் எழுதிவைத்தார். அதே பேனா 1822-இல் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்தும் எழுதியது. இரண்டும் ஒருவரே.

1824-இல் பர்மியப் போர் தொடங்கியது. சென்னைத் துறையிலிருந்து படைகளும் பொருள்களும் கப்பலேறின. அதை முன்னின்று நடத்தியவர் மன்றோ. அப்பணிக்காக 1825-இல் அவருக்கு லிண்டர்டிசு பாரனெட் என்ற பட்டம் வழங்கப்பட்டது. இங்கிலாந்து-ஆலந்து உடன்படிக்கைப்படி பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். ஆளுநராகும் முன்பே ‘சர்’ அடைமொழி அவருக்கு உண்டு. அது தன்னோடு போவது. புதியதோ ஃபவுலிசுக் குடித் தலைவரின் பட்டம் போலவே மகனுக்கும் பேரனுக்கும் செல்வது. பரம்பரை நிலத்தலைவரை ஆக்கக்கூடாதென்று முப்பதாண்டு வாதிட்டவரின் வீட்டுக்கே பரம்பரைச் சிறப்பு வந்து சேர்ந்தது. சமீன்தாரின் சன்னதோடு ஊர் வந்தது. இப்பட்டத்தோடு ஒரு குழி நிலமும் வரவில்லை.

பட்டத்தை அவர் தாங்கியது இரண்டே ஆண்டுகள். இளைய மகன் காம்பெல்லின் உடல்நலம் குன்றியதால் மனைவி ஜேன் 1826-இல் குழந்தையோடு தாயகம் திரும்பினார். மன்றோவும் பதவி விலக விரும்பி எழுதினார். அடுத்தவர் வரத் தாமதமாயிற்று. விடைபெறு முன் பழைய கடப்பை, பெல்லாரிச் சீமையைக் காணப் புறப்பட்டவர், 1827 சூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு ஒரே நாளில் மறைந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831-இல் சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொணரப்பட்டது. சாண்ட்ரி என்னும் சிற்பி வார்த்த குதிரைச்சிலை 1839-இல் நிறுவப்பட்டது.

பட்டா அவருக்குப் பின் வளர்ந்தது. 1948-இல் சென்னை அரசு சமீன்களை ஒழித்தபோது அச்சட்டத்தின் பெயரே சமீன் ஒழிப்பு, ரயத்துவாரியாக மாற்றல் என்று அமைந்தது. திருத்தணிப் பகுதியைத் தன்னுள் கொண்டிருந்த கார்வேட்டிநகர் சமீன் முதலியன அவ்வாறே மறைந்தன. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோதும் அலுவலர் முதலில் கேட்ட தாள் அதுவே. பட்டாவில் பெயர் இருந்தவர் இழப்பீட்டு வரிசையில் நின்றார். அந்நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் நிற்கவில்லை.

பட்டமோ எட்டு வயது மூத்த மகன் தாமசுக்குச் சென்றது. 1901-இல் அவர் மறைய, அன்று நோயோடு கப்பலேறிய தம்பி காம்பெல் மூன்றாம் பாரனெட் ஆனார். 1913-இல் அவர் மகன் ஹியூ மன்றோவுக்கு வந்தது. மலையேற்றத்தில் பித்துக்கொண்ட ஹியூ, ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை எல்லாம் அளந்து 1891-இலேயே ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தார். பாட்டனார் வயலை அளந்தார், பேரன் மலையை அளந்தார். அவ்வகை மலைகளுக்கு அந்நாட்டில் மன்றோ என்பதே பொதுப்பெயராயிற்று. இன்றைய கணக்கில் அவை 282. குடிப்பெயர் பட்டமாகி, பின் மலையின் பெயராகி, மலையேறுவோர் நாவில் சாதாரணச் சொல்லாகிவிட்டது. 1919-இல் ஹியூ மறைந்தபோது, தம் பட்டியலில் ஏறாத சிகரங்கள் சில அவருக்கு எஞ்சியிருந்தன.